சுறா பால் கொடுக்குமா, அம்மா?

கரிமேட்டில் எங்கள் தெருவுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விடிந்துவிடும். ராமேஸ்வரம், தொண்டி, தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரிகள் ஐஸ் பெட்டிகளோடு வந்து நிற்கும். ஏலக்குரல் ஜன்னல் வழியாக எங்கள் பாய்வரை வரும். அம்மா தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வாங்கிய மீனைக் கூடையில் அடுக்கி ஆரப்பாளையம், அரசரடி, பெத்தானியாபுரம் என்று வீடு வீடாகப் போய் விற்பாள். எந்த வீட்டில் நெத்திலி போகும், எந்த வீட்டில் விளைமீன் கேட்பார்கள், யார் சனிக்கிழமை வாங்க மாட்டார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதும்தான். அந்த வீட்டுக்கென்று பால் சுறாவை ஈரச்சாக்கில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்திருப்பாள். வேறு யார் எவ்வளவு கேட்டாலும் வெளியே எடுக்க மாட்டாள். வேகவைத்துத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு அந்தச் சுறாவில் புட்டு செய்து கொடுத்தால் பிள்ளைபெற்றவளுக்குப் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அரிவாள்மனைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"சுறா பால் குடுக்குமாம்மா?"

அம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை. "சுறா எங்கடி பால் குடுக்கும்? கடல்ல பால் குடுக்குறது ஆவுளியாவும் ஓங்கிலும்தான். அதுக நம்மள மாதிரி. பிள்ளைய வயித்துல சொமந்து பெத்துப் பால் குடுத்து வளக்குறதுக."

பால் சுறாவும் முட்டையிடாமல் குட்டிதான் போடுகிறது, வயிற்றுக்குள் நஞ்சுக்கொடி போன்ற ஒரு தொடர்பில் குட்டியை வளர்க்கிறது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பால் கிடையாது. பெற்றதும் அதன் வேலை முடிந்தது. அம்மா சொன்ன ஆவுளியா என்பது கடற்பசு. அந்த ஓங்கிலைத்தான் நாம் இப்போது டால்பின் என்கிறோம். நாற்பது வருஷமாக அது என் மனதை விட்டுப் போகவே இல்லை.

அம்மா பிறந்தது தங்கச்சிமடம். அப்பாவைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாலும் அவளுடைய காது கடற்கரையிலேயே இருந்தது. மழைக்காலத்தில் காற்று திரும்பினால், "தம்பி இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்க மாட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மே மாத விடுமுறைக்கு என்னை மாமா வீட்டில் விட்டுவிடுவாள். 1988-ல் அப்படிப் போனபோது பாம்பனில் ரோட்டுப் பாலம் கட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில்தான் திறந்தார்கள். நாங்கள் பழைய ரயில் பாலத்தில்தான் போனோம்.

பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் இல்லை. மாமா ஒரே ஒரு நாள் ஏற்றினார். குருசடைத் தீவு தெரிகிற தூரத்தில், கடல் குளம் மாதிரிக் கிடந்த காலை அது. பாயை இறக்கிவிட்டு, "பேசாத தாயி, காதக் குடு" என்றார். முதலில் தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் மட்டும்தான். அப்புறம் எங்கோ பின்பக்கம் "புஸ்ஸ்" என்று ஒன்று. குக்கர் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அப்படி ஒரு மூச்சு. நான் திரும்பித் திரும்பித் தேடினேன். மாமா என் தலையைப் பிடித்து நிறுத்தினார்.

"கண்ணால தேடாத. மூச்ச எண்ணு. பெருசு ஒண்ணு கேட்டு, அத ஒட்டிச் சிறுசு ஒண்ணு கேட்டுச்சுன்னா பிள்ளைக்காரி வந்திருக்கான்னு அர்த்தம்."

கேட்டது. பெரிதாய் ஒன்று, அது அடங்குவதற்குள் சின்னதாய், அவசரமாய் ஒன்று. பத்தடி தள்ளி ஒரு சாம்பல் முதுகு வளைந்து எழுந்து இறங்கியது. அதன் விலாவோடு விலாவாக ஒரு குட்டி. குட்டியின் உடம்பில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள் நாலைந்து இருந்தன. பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையைப் பிரித்தால் தெரியுமே, அந்த மடிப்புக்கோடு மாதிரி. "பொறந்து ஒரு மாசம்கூட இருக்காது" என்றார் மாமா. எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் முடித்து நர்சிங் படித்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். அந்தக் கோடுகள் ஏன் வந்தன என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளில் கையிலிருந்த டீ ஆறிப்போனது நினைவிருக்கிறது. ஒரு வருஷம் தாயின் வயிற்றுக்குள் மடங்கிக் கிடந்த உடம்பின் மடிப்புதான் அது. பிறந்த பிறகும் சில வாரங்கள், சில மாதங்கள்வரை அழியாமல் இருக்கிறது. முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும்கூடப் பிறக்கும்போது வளைந்து துவண்டிருக்கும், பிறகுதான் விறைக்கும். எங்கள் வார்டில் பிறக்கும் பிள்ளைக்கும் காது மடங்கியிருக்கும், கால் மடங்கியிருக்கும், தலை நீண்டிருக்கும். பாட்டிமார்கள் பயந்து கேட்பார்கள். "வயித்துக்குள்ள இடம் பத்தாம இருந்ததும்மா, சரியாயிரும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குட்டிதான் ஞாபகம் வரும்.

அன்று நான் பார்த்தது மன்னார் வளைகுடாவில் கரையை ஒட்டி வாழும் பாட்டில்மூக்கு ஓங்கில். உலகத்தில் முக்கியமாக இரண்டு வகைப் பாட்டில்மூக்குகள் உண்டு. நம் பக்கம் கரையோரத்தில் இருப்பது இந்திய-பசிபிக் வகை. செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியாவரை இருக்கிறது. இன்னொன்றைவிடக் கொஞ்சம் சின்னது, இரண்டரை மீட்டர் அளவு. மூக்கு சற்று நீளம். வயதாக ஆக அடிவயிற்றில் கரும்புள்ளிகள் விழும். அதை வைத்தே பெரியதா இளசா என்று சொல்லிவிடலாம். இவற்றின் குடும்ப வாழ்க்கையை நாம் இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதற்குக் காரணம் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு விரிகுடா. 1980-களிலிருந்து அங்கே ஒவ்வொரு ஓங்கிலையும் முதுகுத் துடுப்பின் வெட்டு, வடுக்களை வைத்து அடையாளம் கண்டு, தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்துவருகிறார்கள். அந்த இடத்தின் பெயரே சுறா விரிகுடா. அம்மாவின் கூடை ஞாபகம் வராமல் அந்தப் பெயரை என்னால் படிக்க முடிவதில்லை.

பிரசவத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன், என் தொழில் அது. மனிதப் பிள்ளைக்குத் தலை முன்னால் வர வேண்டும். கால் முன்னால் வந்தால் எங்கள் வார்டில் எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். ஓங்கிலுக்குப் பெரும்பாலும் வால்தான் முதலில் வருகிறது. தலை வெளியே வந்ததும் தாய் சட்டென்று உடம்பைத் திருப்ப, கொடி அறுந்துவிடும். குட்டி முதல் மூச்சுக்காக மேலே போக வேண்டும். அழுவதற்கு நேரமில்லை. அதை மேலே தள்ளித் தாய் உதவுவதுண்டு, பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெண் ஓங்கில் உதவுவதும் உண்டு. நஞ்சுக்கொடி வெளியே வரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை தாய் குட்டியோடு நீந்திக்கொண்டேதான் இருக்க வேண்டும். பெற்றவளைப் படுக்கவைக்கக் கடலில் கட்டில் இல்லை.

தூக்கமும் அப்படித்தான். ஓங்கில் மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டு மறுபாதியை விழித்திருக்க வைக்கும். மூச்சு விடவே நினைவு வேண்டும் என்பதால் முழுத் தூக்கம் அதற்குக் கிடையாது. தொட்டிகளில் வைத்துக் கவனித்தபோது, பிறந்த முதல் மாதத்தில் தாயும் குட்டியும் ஓரிடத்தில் நிற்பதே அபூர்வம் என்று கண்டிருக்கிறார்கள். பிறந்த குட்டிக்கு உடம்பில் போதிய கொழுப்பு இல்லை, நின்றால் குளிரும், மூழ்கும். தாயின் விலாவை ஒட்டி நீந்தினால் தாயின் உடம்பு தண்ணீரைக் கிழித்துப்போகும் வேகத்தில் குட்டி பாதி உழைப்பில் இழுபட்டுப் போகும். கொஞ்சம் வளர்ந்ததும் தாயின் அடிவயிற்றுக்குக் கீழே போய், தலை தாயின் வயிற்றைத் தொடும்படி நீந்தும். இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு நடக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

பால் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெளியே தெரிகிற காம்பு கிடையாது. அடிவயிற்றில் வாலுக்குச் சற்று முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு சிறு பிளவுகள் உண்டு, அதற்குள்தான் காம்பு. குட்டிக்கு உறிஞ்ச உதடு இல்லை. அதற்குப் பதில் நாக்கின் ஓரமெல்லாம் சேலைக் கொசுவம் மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். நாக்கைக் குழல்போலச் சுருட்டிக் காம்போடு வைத்தால், தாய் தன் தசையால் பாலைப் பீய்ச்சிவிடும். ஒரு தடவைக்குச் சில நொடிதான், மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள். அதனால் அந்தப் பால் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு, கெட்டி. பிள்ளை வாய் வைக்கவில்லையே என்று அழும் புதுத்தாய்களிடம், "ரெண்டு பேரும் கத்துக்கிறீங்க, பொறுமையா இரு" என்பேன். ஓங்கிலும் அப்படித்தான். முதல் குட்டி காம்பு இருக்கும் இடம் தெரியாமல் தாயின் உடம்பெல்லாம் முட்டித் தேடும்.

இந்தப் பால்குடி மூன்று வருஷம், நான்கு வருஷம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் போகிறது. நாலாம் மாதம் வாக்கில் குட்டி சின்னச் சின்ன மீனைத் துரத்த ஆரம்பிக்கும். மல்லாந்து நீந்தியபடி மீனைத் தண்ணீர் மட்டத்தோடு ஒதுக்கிப் பிடிக்கும். ஆனாலும் வயிறு நிரம்பத் தாய்தான் வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை. மீன் முட்டையிட்டுவிட்டுப் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், அதுபோலப் பார்வையாலேயே நம்மைக் காப்பவள் மீனாட்சி என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பறவை தொட்டு வளர்க்கும், ஆமை நினைத்து வளர்க்கும், மீன் பார்த்து வளர்க்கும் என்பது பெரியவர்கள் வாக்கு. நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ஓங்கில் கூப்பிட்டு வளர்க்கும். கலங்கல் தண்ணீரில் பார்வை எவ்வளவு தூரம் போகும்? ஒவ்வொரு ஓங்கிலுக்கும் தனக்கே உரிய ஒரு சீழ்க்கை உண்டு, நமக்குப் பெயர் இருப்பதுபோல. குட்டி பிறந்த நாட்களில் தாய் தன் சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டே இருக்கும். குட்டி முதல் வருஷத்திலேயே தனக்கென்று ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். 2013-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. தன் சீழ்க்கையை யாராவது ஒலித்தால் ஓங்கில் பதில் சொல்கிறது. பிரிந்துபோய் இருபது வருஷமான கூட்டாளியின் சீழ்க்கையையும் அடையாளம் கண்டுகொள்கிறது.

2023-ல் வந்த இன்னொன்றைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அமெரிக்காவில் ஃபுளோரிடா கரையில், இன்னொரு வகைப் பாட்டில்மூக்கில், 19 தாய்களின் சீழ்க்கையை 30 வருஷத்துக்கு மேல் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அதே தாய் தனியாக இருக்கும்போது ஒலிப்பதற்கும் குட்டியோடு இருக்கும்போது ஒலிப்பதற்கும் வித்தியாசம் இருந்தது. குட்டி பக்கத்தில் இருந்தால் குரல் மேலே ஏறுகிறது, இன்னும் கீச்சென்று ஆகிறது. வார்டுக்குள் நுழைந்தால் தினம் கேட்கிறேனே அதை. வெளியே வராண்டாவில் கணீரென்று சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமியார், பேரப்பிள்ளையைக் கையில் வாங்கியதும் "என் தங்கம் யாரு, என் ராசா யாரு" என்று குரலைக் கீச்சென்று மாற்றிக்கொள்வதைப் போலத்தான்.

எங்கள் வார்டு வாசலில் ஒரு பெண்ணுக்கு நாலு பெண்கள் நிற்பார்கள். பெற்ற அம்மா, சித்தி, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை. ஒருத்தி வெந்நீர் வாங்கப் போவாள், ஒருத்தி டீ வாங்கப் போவாள், மாலையில் அவர்கள் போய் வேறு இருவர் வருவார்கள். ஓங்கில் கூட்டமும் அப்படித்தான் கூடிக் கலைகிறது. ஒரே கூட்டமாக எப்போதும் இருப்பதில்லை. காலையில் ஐந்து, மதியம் பன்னிரண்டு, மாலையில் தாயும் குட்டியும் மட்டும். ஆனால் யார் யாரோடு அடிக்கடி சேருகிறார்கள் என்று வருஷக்கணக்கில் குறித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். ஒரே வயதுக் குட்டி வைத்திருக்கும் தாய்கள் சேர்ந்து திரிகிறார்கள். தாய் இரை தேடக் கீழே போகும்போது குட்டி இன்னொரு பெண்ணோடு மேலே இருக்கும். சுறா வந்தால் பல கண்கள் உண்டு.

இந்த ஒட்டுதல் எவ்வளவு ஆழம் என்பதை நம் கடற்கரையே ஒருமுறை பார்த்தது. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. பெயர்தான் திமிங்கிலம், இனத்தால் ஓங்கில் குடும்பம். மீனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகத் தள்ளி உள்ளே விட்டார்கள். விட்டவை திரும்பி வந்தன. நைட் ஷிப்ட் முடிந்து வந்து டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு இங்க கெடக்கையில மத்தது எப்படிடி போகும்" என்றாள். 1973-லும் இதே கரையில் இப்படி நடந்திருக்கிறது. அந்த இனத்தில் பெண்களுக்கு நாற்பது வயதுக்குள் பிள்ளைப்பேறு நின்றுவிடும், அதன் பிறகும் சிலர் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்கிறார்கள். கூட்டத்தில் பாட்டிகள் இருக்கிறார்கள்.

"மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தரணுமா" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மீனுக்குச் சரி. ஓங்கில் குட்டிக்குச் சொல்லித்தர வேண்டும், நீச்சலை இல்லாவிட்டாலும் பிழைப்பை. சுறா விரிகுடாவில் 1984-ல் ஓர் ஓங்கில் மூக்கில் எதையோ மாட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்தார்கள். கட்டியோ நோயோ என்று நினைத்தார்கள். அது கடற்பஞ்சு. அடித்தரையிலிருந்து ஒரு கடற்பஞ்சைப் பிடுங்கி மூக்கில் உறைபோல மாட்டிக்கொண்டு, சரளைக்கல் தரையைக் கிளறி, மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்புகிறது. மூக்கு கிழியாமல் இருக்க அந்தப் பஞ்சு. இந்த வித்தை தாயிடமிருந்து பெரும்பாலும் மகளுக்குப் போகிறது. எல்லா ஓங்கில்களும் செய்வதில்லை, சில தாய்வழிகளில் மட்டும்தான். எங்கள் அம்மா அவளுடைய அம்மாவிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கக் கற்றது அப்படித்தான். நானும் கற்றேன், விற்கப் போகவில்லை என்றாலும்.

இன்னொரு வித்தை: பெரிய காலிச் சங்குக்குள் மீன் புகுந்துகொண்டால், சங்கையே மூக்கால் தூக்கி மேலே கொண்டுவந்து, தண்ணீர் வடிய உலுக்கி, வாயில் விழவைப்பது. இது தாயிடம் கற்பதல்ல, கூட்டாளிகளைப் பார்த்துக் கற்பது என்று 2020-ல் சொன்னார்கள். வீட்டில் கற்பது கொஞ்சம், தெருவில் கற்பது கொஞ்சம்.

மற்றபடி சாப்பாடு மீனும் கணவாயும்தான். நாவால் 'டிக் டிக்' என்று தட்டினால் வருகிற ஒலியைப்போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஒலிகளை அனுப்பி, பட்டுத் திரும்பும் எதிரொலியில் மீன் எங்கே என்று அறிகிறது. பல் கூம்பு கூம்பாக இருக்கும், பிடிக்கத்தான், மெல்ல அல்ல. மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி முழுதாக விழுங்கிவிடும், முள்ளும் செதிலும் தொண்டையில் குத்தாமல் இருக்க. அம்மா சாளை மீன் ஊட்டும்போது முள் எடுத்துக் கொடுத்ததை நினைத்துக்கொள்வேன்.

ஆண்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை, ஆனால் மறைக்கக் கூடாது. ஆண் ஓங்கில்கள் இரண்டு மூன்றாகக் கூட்டணி சேர்ந்து, வருஷக்கணக்கில் பிரியாமல், சினைப்படத் தயாராக இருக்கும் பெண்ணை மறித்துக்கொண்டு போகும். மணிக்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காக. பெண் விலகப் பார்த்தால் மோதும், கடிக்கும். அந்தக் கூட்டணிகள் சேர்ந்து இன்னும் பெரிய கூட்டணிகளாகும். மனிதனைத் தவிர வேறு விலங்குகளில் இவ்வளவு அடுக்கடுக்கான கூட்டு அரிது என்று வியக்கிறார்கள். வியக்கலாம்தான். நான் அந்தப் பெண்ணின் பக்கமிருந்து பார்க்கிறேன். ஓங்கில் எப்போதும் சிரிக்கிறது என்று படம் போடுகிறார்கள். அது தாடையின் வடிவம். செத்துக் கிடந்தபோதும் அதே சிரிப்பு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அது 2009 ஜனவரி. மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். காலையில் கரையில் கூட்டம். இரவு கடலில் மிதக்கவிட்டு விடியலில் இழுக்கும் நைலான் வலையில் ஓர் ஓங்கில் சிக்கி வந்திருந்தது. ஓங்கில் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டிய உயிர் அது, வலை பிடித்துக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். வலைக்காரர் தலையைக் கையில் தாங்கி மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் வேண்டும் என்று செய்யவில்லை, வலையும் கந்தலாகியிருந்தது.

நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அடிவயிற்றில் கரும்புள்ளிகள் இருந்தன, பெரியவள். தோல் நனைந்த ரப்பர் செருப்பு மாதிரி வழுவழுப்பு. வயிற்றுக்கு அடியில் கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது. அந்த இரண்டு பிளவுகளில் ஒன்றின் பக்கம் விரலால் லேசாக அழுத்தினேன். வார்டில் தினம் செய்கிற வேலை, கை தானாகப் போனது. கெட்டியாக, வெள்ளையாகப் பால் வந்தது. மணலில் விழுந்தது, உடனே உறிஞ்சவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

நான் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை.

வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்து, கரையிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைக் காக்கிறது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லிருந்து தேசியப் பூங்கா. சட்டம் இருக்கிறது. வலைக்குக் கண் இல்லை.

அன்றிரவு மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டேன், இன்றுவரை அதை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒரு பெண் ஓங்கில் முதல் குட்டி போடப் பன்னிரண்டு வயதுவாக்கில் ஆகிறது. ஒரு வருஷம் சுமக்கிறது. வளர்த்துவிட்டு அடுத்த குட்டிக்கு வர நான்கு வருஷம், ஐந்து வருஷம். நாற்பது வயதுவரை வாழ்ந்தால் ஆறேழு குட்டி. சுறா விரிகுடாவில் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு 44 குட்டிகள் மூன்று வயதைத் தாண்டவில்லை. ஆக ஆயுசு முழுக்கப் பாடுபட்டு ஒரு தாய் கரைசேர்ப்பது மூன்று நான்கு பிள்ளை. மத்தி மீன் ஒன்று பல்லாயிரம் முட்டை போடும். மார்க்கெட்டில் நாம் மீனைக் கூடைக் கணக்கில் எண்ணிப் பழகிவிட்டோம், இவற்றை நம் வார்டில் எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டும். பேர் சொல்லி, படுக்கை எண் சொல்லி. பால் கொடுக்கிற தாய் ஒன்று வலையில் போனால், அதோடு ஒரு குட்டியும் போகிறது, அந்தக் குட்டி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதா என்று என் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரம் கரிமேட்டிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டது, ஆனால் லாரி இன்னும் அதே கடலிலிருந்துதான் வருகிறது. மதுரை தின்கிற மீனுக்காகத்தான் அந்த வலைகள் கடலில் கிடக்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் நாம் முகம் சுளிக்கிறோம். நான் அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன், சந்தோஷமாக வைக்கிறேன். அம்மா அதற்கு ஒரு கத்தரிக்காயைக் கூடப் போட்டால் போதும் என்பாள்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. முட்டி வலி, கடலுக்குப் போவதில்லை. வள்ளத்துக்குப் பதில் என்ஜின் வைத்த நாட்டுப்படகு, அதை அவர் மகன் ஓட்டுகிறான். 2009-ல் கரையில் நின்ற கூட்டத்தில் அவனும் இருந்தான், பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் வலையை விட்டுவிட்டு வந்து தூங்குவதில்லை, பக்கத்திலேயே படகைப் போட்டுக் காவல் இருக்கிறான். டீசல் கூடுதலாகச் செலவாகும், தூக்கம் போகும். அப்பா சொன்னார் என்கிறான்.

போன மாதம் ஒரு நைட் டியூட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு வார்டு வராண்டாவில் இருந்தபோது அவன் போன் வந்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் மாமாவுக்கு ஏதோ என்றுதான் கை நடுங்கும்.

"மதினி, அப்பா நல்லாருக்காரு. ஒண்ணுமில்ல. வலையில ஓங்கில் ஒண்ணு மாட்டிக்கிச்சு. வால்ல சுத்திருச்சு. அறுத்து விட்டுட்டேன்."

"எவ்வளவு வலை போச்சு?"

"அத விடுங்க. பத்து நிமிசம் ஆச்சு, இன்னும் போகாம படகச் சுத்திக்கிட்டே இருக்கு. இருட்டுல ஒண்ணும் தெரியல. இருங்க, என்ஜின நிப்பாட்டுறேன். கேக்குதான்னு சொல்லுங்க."

என்ஜின் நின்றது. என் பின்னால் வார்டில் ஒரு பிள்ளை சிணுங்கியது. கதவைச் சாத்திவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். தண்ணீர் படகில் தட்டும் சத்தம். கொஞ்ச நேரம் அதுதான். பிறகு பெரிதாய் ஒரு மூச்சு. அது அடங்குவதற்குள், சின்னதாய், அவசரமாய், இன்னொன்று.